மல்லாந்து தூங்கட்டும், குப்புற விளையாடட்டும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் வரலாற்றுப் பாடம் என்று நினைத்துப் படியுங்கள். பரீட்சை வைக்க மாட்டேன்.

என்னிடம் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்த பிள்ளைகள் பலர் இன்று தாய் தகப்பன் ஆகிவிட்டார்கள். சிலர் தாத்தா பாட்டியே ஆகிவிட்டார்கள். போனில் பேசும்போது அவர்களில் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "டீச்சர், பிள்ளையைக் குப்புறப் போடலாமா, கூடாதா?" வெளிநாட்டில் இருக்கும் பெண்ணிடம் அங்குள்ள மருத்துவர் தினமும் குப்புறப் போடச் சொல்கிறார். பேறுகாலம் பார்க்கப் போன அம்மா, "பச்சை மண்ணை யாராவது குப்புறப் போடுவாங்களா, மூச்சு முட்டிடாதா" என்று தடுக்கிறார். இன்னொரு வீட்டில், "குப்புறப் போட்டாத்தான் அசந்து தூங்குறான், அப்படியே விடு" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

மருத்துவ உலகம் இதற்கு இன்று ஒரு தெளிவான பதில் வைத்திருக்கிறது. தூங்கும்போது மல்லாந்து, விழித்திருக்கும்போது, பெரியவர்கள் கண்ணெதிரே, குப்புற. ஒரே வாக்கியம், ஆனால் அதற்கு இரண்டு பாதி. இந்த வாக்கியத்துக்கு வயது ஏறக்குறைய முப்பதுதான். அதைக் கண்டுபிடிப்பதற்கு உலகம் கொடுத்த விலை பல்லாயிரம் பச்சிளம் உயிர்கள். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். கதை தெரிந்தால் இரண்டு பாதியில் எதையும் விட்டுவிட மாட்டீர்கள்.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. பெஞ்சமின் ஸ்பாக் என்ற குழந்தை மருத்துவர் 1946ல் பிள்ளை வளர்ப்பு பற்றி ஒரு புத்தகம் எழுதினார். பயமுறுத்தாமல், அதட்டாமல், பக்கத்து வீட்டுப் பெரியவர் பேசுவதுபோல் எழுதியிருந்தார். கோடிக்கணக்கில் விற்றது. பல மொழிகளில் வந்தது. மேலை நாடுகளில் ஒரு தலைமுறைத் தாய்மார்களுக்கு அதுதான் வீட்டுப் பாட்டி மாதிரி.

அந்தப் புத்தகத்தின் 1950களின் பிற்பகுதிப் பதிப்புகளில் அவர் ஓர் அறிவுரை சொன்னார். பிள்ளையைக் குப்புறப் படுத்துத் தூங்கப் பழக்குவதே நல்லது என்றார். அதற்கு இரண்டு காரணம் காட்டினார். மல்லாந்து படுத்திருக்கும் பிள்ளை பாலைக் கக்கினால் புரையேறி மூச்சடைக்கலாம். மேலும், மல்லாந்து கிடக்கும் பிள்ளை தலையை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்துக்கொள்ளும்; அந்தப் பக்கம் தலை தட்டையாகிவிடும்.

கேட்டால் நியாயமாகத்தானே தெரிகிறது? ஸ்பாக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் ஒருவர் மட்டும் சொல்லவும் இல்லை. அந்தக் காலத்தில் குறைமாதப் பிள்ளைகளை மருத்துவமனைகளில் குப்புறப் போட்டுப் பராமரிக்கும் வழக்கம் பரவியது. அப்படிப் போட்டால் அந்தப் பிள்ளைகளின் சுவாசம் சீராக இருந்தது. செவிலியர்கள் செய்வதைப் பார்த்த தாய்மார்கள் வீட்டிலும் அதையே செய்தார்கள். புத்தகமும் மருத்துவமனையும் ஒன்றையே சொல்லும்போது எந்தத் தாய் மறுப்பாள்?

ஒன்றைக் கவனியுங்கள். அந்த அறிவுரையில் காரணம் இருந்தது. கணக்கு இல்லை. குப்புறத் தூங்கிய பிள்ளைகள் எத்தனை, மல்லாந்து தூங்கிய பிள்ளைகள் எத்தனை, எந்தப் பக்கம் சாவு அதிகம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு யாரும் அதைச் சொல்லவில்லை.

இறப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. இரவு பால் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கிய பிள்ளை காலையில் அசைவற்றுக் கிடக்கும். காய்ச்சல் கிடையாது, நோய் கிடையாது, உடற்கூறாய்விலும் காரணம் தெரியாது. ஆங்கிலேயர்கள் இதைத் தொட்டில் மரணம் என்றார்கள். 1969ல் அமெரிக்காவில் கூடிய மருத்துவ மாநாட்டில் இதற்குத் திடீர் சிசு மரணம் என்று இலக்கணம் வகுத்தார்கள். பெயர் வைத்தார்களே தவிர, காரணம் தெரியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒரு பக்கம், அவளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் ஊர் இன்னொரு பக்கம். அந்தக் கொடுமையை நீங்களே நினைத்துப் பாருங்கள்.

தடயம் இல்லாமல் இல்லை. 1944லேயே நியூயார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் ஆப்ராம்சன் என்ற மருத்துவர், மூச்சுமுட்டி இறந்ததாகப் பதிவான கைக்குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி, அவற்றில் பெரும்பாலானவை குப்புறக் கிடந்த நிலையில் காணப்பட்டதைச் சுட்டிக்காட்டினார். ஆனால் அடுத்து வந்த சிலர் போர்வை முகத்தை மூடினாலே பிள்ளை மூச்சுமுட்டிப் போய்விடாது என்று வாதிட்டார்கள். பேச்சு அத்தோடு அமுங்கிவிட்டது.

ஐரோப்பாவில் நெதர்லாந்து நாட்டுக் கதையைக் கேளுங்கள். அங்கே 1970களின் தொடக்கத்தில்தான் குப்புறப் போடும் பழக்கம் பரவியது. அதைத் தொடர்ந்து தொட்டில் மரணங்கள் ஏறின. டி யாங்கே என்ற குழந்தை மருத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் இரண்டு கோடுகளும் ஒன்றாக ஏறுவதைக் கண்டார்கள். 1987ல், "பிள்ளையைக் குப்புறத் தூங்கப் போடாதீர்கள்" என்று நாடு முழுவதும் சொல்ல ஆரம்பித்தார்கள். பழக்கம் குறைந்தது. மரணமும் குறைந்தது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்பே ஆசியாவிலிருந்து ஒரு குரல் வந்திருந்தது. ஹாங்காங்கில் பணியாற்றிய டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், 1985ல் லான்செட் மருத்துவ இதழில், இந்த ஊரில் தொட்டில் மரணம் அபூர்வமாக இருக்கிறதே என்று எழுதினார். வீடுகள் நெருக்கடியானவை. ஆனால் சீனத் தாய்மார்கள் தங்கள் வழக்கப்படி பிள்ளைகளை மல்லாந்துதான் படுக்க வைத்தார்கள். மேலை நாட்டுப் புத்தகம் அந்த வீடுகளுக்குள் நுழையாதது பிள்ளைகளின் அதிர்ஷ்டம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் சூசன் பீல் என்ற மருத்துவர் இருந்தார். பிள்ளையை இழந்த வீடுகளுக்கு அவரே நேரில் போவார். நூற்றுக்கணக்கான வீடுகளுக்குப் போயிருக்கிறார். தொட்டில் எப்படி இருந்தது, பிள்ளை எந்தப் பக்கமாகக் கிடந்தது, மேலே என்ன போர்த்தியிருந்தது என்று பொறுமையாகக் கேட்டு எழுதி வைப்பார். குப்புறக் கிடந்த பிள்ளைகளே அதிகம் என்று 1980களில் அவர் எச்சரித்தார். ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து கிடைத்த உண்மை அல்ல இது. அழுத வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக் கிடைத்தது.

எல்லோரையும் அசைத்தது நியூசிலாந்து. வளர்ந்த நாடுகளிலேயே தொட்டில் மரணம் மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. 1987 முதல் மூன்று ஆண்டுகள் அங்கே எட் மிட்செல், ஷெர்லி டாங்கின் முதலியோர் பெரிய ஆய்வு நடத்தினார்கள். இறந்த பிள்ளைகளின் வீட்டு விவரங்களையும் உயிரோடு இருக்கும் பிள்ளைகளின் வீட்டு விவரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். மாற்றக்கூடிய மூன்று காரணங்கள் எழுந்து நின்றன. குப்புறத் தூங்குவது. தாய் புகைபிடிப்பது. தாய்ப்பால் கொடுக்காதது. 1991ல் அந்நாட்டு அரசு இதை வீடு வீடாகக் கொண்டுபோனது. மரண எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

இங்கிலாந்தின் ஏவன் பகுதியில் பீட்டர் ஃப்ளெமிங் குழுவினரும் 1990ல் இதே முடிவை வெளியிட்டிருந்தார்கள். ஆனால் நாட்டுக்கே சேதி போய்ச் சேரவில்லை. 1991 ஜூலையில் ஆன் டயமண்ட் என்ற பிரபலத் தொலைக்காட்சி அறிவிப்பாளரின் ஆண்குழந்தை தொட்டிலில் இறந்தது. அந்தத் தாய் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. காரணம் தேடி நியூசிலாந்து வரை போனார். அங்கே தெரிந்துகொண்டதை ஏன் எங்கள் நாட்டில் சொல்லவில்லை என்று கேட்டார். அந்த ஆண்டு டிசம்பரிலேயே பிரிட்டன் அரசின் பிரசாரம் தொடங்கியது. அவரே தொலைக்காட்சியில் தோன்றிச் சொன்னார். சில ஆண்டுகளில் அந்நாட்டுத் தொட்டில் மரணம் பாதிக்கும் கீழே போனது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992ல் மல்லாந்தோ ஒருக்களித்தோ படுக்க வையுங்கள் என்றது. 1994ல் நாடு தழுவிய பிரசாரம் வந்தது. பிறகு, ஒருக்களித்துப் படுக்கும் பிள்ளை எளிதில் குப்புற உருண்டுவிடும் என்பதால் அதையும் கைவிட்டு, மல்லாந்து மட்டுமே என்றார்கள். 1992ல் அமெரிக்கக் கைக்குழந்தைகளில் நூற்றுக்கு 70 பேர் குப்புறத் தூங்கினார்கள். அந்த ஆண்டு ஆயிரம் பிள்ளைகளுக்கு 1.2 என்று இருந்த திடீர் சிசு மரணம், பத்து ஆண்டுக்குள் பாதிக்கும் குறைவானது. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இனி மனத்தை மிகவும் வருத்தும் பகுதி. 2005ல் ரூத் கில்பர்ட் முதலிய ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். குப்புறத் தூங்குவது ஆபத்து என்பதற்கான கணக்கு 1970லேயே கையில் இருந்திருக்கிறது! யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அப்போதே கூட்டியிருந்தால் பிரிட்டனில் மட்டும் 10,000க்கு மேற்பட்ட பிள்ளைகளும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 பிள்ளைகளும் பிழைத்திருக்கலாம் என்று எழுதினார்கள். நான் வகுப்பில் "விடை தெரிந்தால் போதாது, கணக்கைப் போட்டுக் காட்டு" என்று நச்சரிப்பேனே, நினைவிருக்கிறதா? அதன் அருமை இங்கே தெரிகிறது. விடை எல்லோருக்கும் தெரிந்ததுபோல் இருந்தது. கணக்கைத்தான் யாரும் போடவில்லை.

சரி, ஸ்பாக் பயந்த புரையேறல் என்ன ஆனது? மல்லாந்து படுக்கும் பழக்கம் வந்த பிறகு புரையேறிச் சாகும் பிள்ளைகள் அதிகமாகவில்லை. காரணம் எளியது. மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போக வேண்டுமானால் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறப் படுத்தால் இது தலைகீழாகும். கிணற்றடியில் தண்ணீர் பள்ளத்தைத்தானே தேடும்?

"குப்புறப் போட்டால் அசந்து தூங்குகிறான்" என்பதும் உண்மைதான். ஆபத்தும் அங்கேதான். பெரியவர்களாகிய நமக்கு மூச்சு முட்டினால் திடுக்கிட்டு விழித்துக்கொள்வோம். குப்புற அசந்து தூங்கும் சின்னப் பிள்ளைக்கு அந்த விழிப்பு எளிதில் வருவதில்லை. முகம் மெத்தையில் புதைந்தால் தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். உடல் சூடும் ஏறும். கழுத்து நிற்காத பிள்ளை தலையைத் தூக்கித் தப்பவும் முடியாது.

இது முதல் பாதி. இனி இரண்டாம் பாதியின் வரலாறு.

பிரசாரம் வெற்றி பெற்றதும் தாய்மார்களுக்குக் குப்புற என்ற சொல்லைக் கேட்டாலே பயம் வந்துவிட்டது. இரவில் மட்டும் அல்ல, பகலிலும் பிள்ளை மல்லாந்தே கிடந்தது. தூங்காத நேரத்தில் கார் இருக்கை, சாய்வு நாற்காலி, தள்ளுவண்டி. எல்லாவற்றிலும் பின்னந்தலை ஏதாவது ஒன்றின்மேல் அழுந்தியபடியே இருக்கும். 1990களின் நடுவில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தலை ஒரு பக்கம் தட்டையான பிள்ளைகள் திடீரென்று அதிகமாக வர ஆரம்பித்தார்கள். ஸ்பாக் சொன்ன இரண்டாவது காரணம் வேறு வாசல் வழியாக வந்து நின்றது.

1998ல் வெளியான ஓர் ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. மல்லாந்து தூங்கும் பிள்ளைகள் புரளுவது, தவழ்வது போன்றவற்றைக் கொஞ்சம் தாமதமாகச் செய்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாம் இயல்பான கால எல்லைக்குள்தான். நடக்கத் தொடங்கிய வயதில் வேறுபாடே இல்லை. ஆனாலும் கழுத்து, தோள், முதுகு, கை ஆகியவற்றுக்கு வேலை குறைகிறது என்பது புரிந்தது.

அதனால் 1996லேயே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் தன் அறிவுரையில் ஒரு வரி சேர்த்தது. பிள்ளை விழித்திருக்கும்போது, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, சிறிது நேரம் குப்புறப் போடுங்கள் என்றது. டம்மி டைம் என்று இன்று உங்கள் செல்போனில் வருவது இதுதான். உலக சுகாதார நிறுவனம் 2019ல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான வழிகாட்டுதல் வெளியிட்டபோது, இன்னும் தவழாத பிள்ளைக்கு விழித்திருக்கும் நேரத்தில் நாள் முழுதும் சிறிது சிறிதாகச் சேர்த்து 30 நிமிடமாவது குப்புறப் படுக்கும் நேரம் வேண்டும் என்றது.

பெயர்தான் புதிது. விஷயம் நமக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குச் செங்கீரைப் பருவம் நினைவுக்கு வரும். ஐந்தாம் மாதம் பிள்ளை ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்தி முகத்தை அசைத்து ஆடும் பருவம் அது. தெய்வத்தையே பிள்ளையாக்கி, தலையைத் தூக்கி ஆடு என்று கெஞ்சிப் பாடினார்கள் நம் புலவர்கள். பெரியாழ்வார் கண்ணனை அப்படி ஆடச் சொல்லிப் பாடியிருக்கிறார். பத்துப் பருவத்தில் ஒன்றை அதற்கென்றே ஒதுக்கிய மொழி நம்முடையது. கழுத்து நிற்பதும் குப்புற விழுவதும் நம் வீடுகளில் சேதி சொல்லிக் கொண்டாடும் விஷயங்கள்.

எண்ணெய்க் குளியலையும் நினைத்துப் பாருங்கள். பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் குப்புறப் போட்டு முதுகு தேய்ப்பாள். பிள்ளை தலையைத் தூக்கிப் பார்க்கும். அவளுக்கு டம்மி டைம் என்ற பெயர் தெரியாது. பிள்ளை விழித்திருக்கும், பெரியவர் கை மேலேயே இருக்கும், நேரமும் கொஞ்சம்தான். இன்றைய அறிவுரையின் நிபந்தனைகள் அத்தனையும் அதில் இருந்தன. பகல் முழுக்கப் பிள்ளை மடியிலும் இடுப்பிலும் தோளிலும் மாறி மாறி இருந்ததால் பின்னந்தலைக்கும் ஓய்வு கிடைத்தது. இன்று தனிக்குடித்தனத்தில் தூக்க ஆள் இல்லை. அந்தக் குறையைத்தான் பாய் விரித்து ஈடுகட்டச் சொல்கிறார்கள்.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தூக்கிப் பிடிக்கவும் மாட்டேன். தலை உருண்டையாக வர வேண்டும் என்று கடுகுத் தலையணை வைக்கும் வழக்கம் உண்டு. தூங்கும் கைக்குழந்தைக்குத் தலையணையே வேண்டாம் என்பதுதான் இன்றைய பாடம். தலை வடிவத்துக்குக் குப்புற விளையாட்டும், படுக்க வைக்கும் திசையை மாற்றுவதும் போதும். தூளியில் பிள்ளை மல்லாந்துதான் கிடக்கும், சரி. ஆனால் துணி வளைவதால் சின்னப் பிள்ளையின் மோவாய் நெஞ்சில் முட்டி மூச்சுக்கு இடைஞ்சல் ஆகலாம். தட்டையான, அழுத்தமான படுக்கைதான் தூங்கப் பாதுகாப்பு என்கிறார்கள்.

இனிச் செய்முறை. கரும்பலகையில் எழுதிப்போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1. ஆரோக்கியமாகப் பிறந்த பிள்ளைக்கு வீட்டுக்கு வந்த சில நாட்களிலேயே தொடங்கலாம். முதல் இடம் தாயின் அல்லது தகப்பனின் நெஞ்சு. நீங்கள் சாய்ந்து படுத்து, விழித்திருக்கும் பிள்ளையை நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுப் பேசுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கத் தலையைத் தூக்கும். உங்களுக்கே கண் சொருகினால் பிள்ளையை எடுத்து அதன் படுக்கையில் மல்லாந்து போட்டுவிடுங்கள்.

2. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். முதலில் ஒரு நிமிடத்திலேயே சிணுங்கினாலும் பரவாயில்லை. ஏழு வார வயதுக்குள் மொத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அமெரிக்கச் சங்கத்தின் 2022ஆம் ஆண்டு அறிவுரை.

3. இடம் தரையில் விரித்த பாய் அல்லது மடித்த கெட்டிப் போர்வை. மெத்தை, சோபா, தலையணை மேல் வேண்டாம். முகம் புதையும், உருண்டும் விழும்.

4. பால் குடித்த உடனே வேண்டாம். வயிறு அழுந்திக் கக்கும். துணி மாற்றிய பிறகோ, தூங்கி எழுந்த பிறகோ நல்ல நேரம்.

5. நீங்களும் பிள்ளையின் கண் மட்டத்துக்குத் தரையில் படுங்கள். கிலுகிலுப்பை, சின்னக் கண்ணாடி, அக்கா அண்ணன் முகம், எதுவானாலும் சரி. செல்போன் திரை வேண்டாம்.

6. கண்ணை எடுக்காதீர்கள். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி, வாசலில் மணி அடித்தாலும் சரி, முதலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறகு போங்கள்.

7. அப்படியே தூங்க ஆரம்பித்தால் உடனே மல்லாந்து திருப்பிப் போடுங்கள். "பாவம், தூங்கட்டும்" என்ற இரக்கம் இந்த இடத்தில் கூடாது.

8. வீறிட்டு அழுதால் தூக்கிவிடுங்கள். இது தண்டனை அல்ல, விளையாட்டு. இன்னொரு வேளை பார்க்கலாம்.

9. பிள்ளை இரண்டு பக்கமும் தானாகப் புரளக் கற்றுக்கொண்ட பிறகும் மல்லாந்தே படுக்க வையுங்கள். தூக்கத்தில் தானே புரண்டால் விட்டுவிடலாம். ஆனால் புரளும் அறிகுறி தெரிந்ததுமே துணியில் இறுகச் சுற்றிப் படுக்க வைப்பதை நிறுத்த வேண்டும். படுக்கையில் பொம்மை, தலையணை, தளர்ந்த போர்வை எதுவும் இருக்கக் கூடாது.

10. பிள்ளை எப்போதும் ஒரே பக்கம் மட்டுமே தலையைத் திருப்பினாலோ, நாலு மாதம் ஆகியும் தூக்கி வைத்திருக்கும்போது கழுத்து நிற்காவிட்டாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குறைமாதப் பிள்ளை, இதயக் கோளாறு போன்ற சிக்கல் உள்ள பிள்ளை என்றால் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். "எங்க பேரன் மூணாம் மாசமே குப்புற விழுந்துட்டான்" என்று எந்த வீட்டிலும் ஒருவர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துப் பார்த்தவள் சொல்கிறேன், ஒரே நாளில் எல்லோரும் அ எழுதியதில்லை.

ஐம்பதாண்டு வரலாற்றிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது. ஓர் அறிவுரை காரணத்தோடு வந்தால் மட்டும் போதாது, எண்ணிப் பார்த்த கணக்கோடும் வர வேண்டும். சொன்னவர் பெரிய மருத்துவராக இருக்கலாம், நம் வீட்டுப் பெரியவராக இருக்கலாம், செல்போனில் வந்த காணொளியாக இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே அளவுகோல்தான். அறிவுரையைப் பாதியாக வெட்டிக் கொடுத்தால் அது வேறு ஒன்றாகிவிடும் என்பதும் இதிலேயே தெரிகிறது. "குப்புறப் போடு" என்று மட்டும் போய்ச் சேர்ந்த வீட்டில் உயிருக்கு ஆபத்து. "குப்புறப் போடாதே" என்று மட்டும் போய்ச் சேர்ந்த வீட்டில் பிள்ளையின் கழுத்துக்கும் தோளுக்கும் வேலை இல்லை.

பேரப்பிள்ளை பார்க்கப் போகும் என் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கையில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்று பெற்றோர். அவர்கள் மருத்துவர் சொன்னதைச் சொல்லும்போது "நாங்க பெத்து வளர்க்கலையா" என்று ஆரம்பிக்க வேண்டாம். நம்மிடம் இல்லாத கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களிடம் இல்லாத மடியும் நேரமும் நம்மிடம் இருக்கிறது. பாயை விரித்து, பிள்ளைக்கு எதிரே படுத்து, ஒரு பாட்டுப் பாடுங்கள். தூக்கம் வந்தால் மல்லாந்து திருப்பிப் போடுங்கள்.

இளம் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெரியவர்கள் தடுப்பது பயத்தால். அந்தப் பயத்தில் அன்பு இருக்கிறது. முதல் நாள் குப்புறப் போடும்போது அவர்களையே பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். பிள்ளை தலையைத் தூக்கி அவர்கள் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடி, நான் எழுதிய இவ்வளவையும் விட நன்றாகப் புரியவைத்துவிடும்.

இந்தப் பதிவை யாருக்காவது அனுப்பினால் முழுதாக அனுப்புங்கள். முடியாவிட்டால் தலைப்பை மட்டுமாவது, இரண்டு பாதியையும் சேர்த்து, அனுப்புங்கள்.

எல்லா வீட்டுக் கைக்குழந்தைகளும் நோய்நொடியின்றி வளரட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்